இரண்டாம் படியில் இருபது ஆண்டுகள்

மைக் ஹெஸ்மன் என்ற பெயர், அமெரிக்காவிலேயே கூட, பேஸ்பால் ஆட்டத்தை நாள்தோறும் பத்திரிகையில் தொடர்ந்து படிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பரிச்சயமானதன்று. ஆறடி ஐந்தங்குல உயரமும் அதற்கேற்ற தேகபலமும் வாய்த்த இந்த மனிதர், 1996-ஆம் ஆண்டில், பதினெட்டாவது வயதில் தொழிலில் இறங்கி 2015-ஆம் ஆண்டின் முடிவு வரையில் ஆடினார். இந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க மைனர் லீக் ஆட்டங்களில் மட்டும் 433 ஹோம் ரன்கள், அதாவது பந்து வேலியைத் தாண்டும் அடிகள், அடித்தார். அமெரிக்க மண்ணில் நடைபெறும் மைனர் லீக்குகளின் சரித்திரத்தில் அவரைவிட அதிகமாக ஹோம் ரன் அடித்தவர் எவரும் இல்லை. அதே மனிதர், அதற்கு ஒரு படி மேலே இருக்கும் மேஜர் லீக்கில் ஆடிய ஆட்டங்களோ மொத்தம் 109. ஒரு மேஜர் லீக் அணி ஒரு பருவத்திலேயே 162 ஆட்டங்கள் ஆடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இருபது ஆண்டு உழைப்பில் ஒரு முழுப் பருவத்துக்குச் சமமான அளவுகூட அவருக்கு அங்கே வாய்க்கவில்லை என்பது விளங்கும்.

இதைக் கேட்டவுடன் 'ஐயோ பாவம்' என்று இரங்குவது சுலபம். 'சாமர்த்தியம் போதவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது அதைவிடச் சுலபம். ஆனால் மைனர் லீக் ஆட்டக்காரரின் தொழில் எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஒருவர் பொறுமையாகக் கவனித்தாரானால், அங்கே திறமை என்பது வாசலுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே என்பதையும், அதற்கு அப்பால் ஒருவருடைய விதியை நிர்ணயிப்பது மற்றொருவருடைய ஸ்தானம் எப்போது காலியாகிறது என்ற செய்திதான் என்பதையும் கண்டுகொள்வார். தன் தகுதியை நாள்தோறும் நிரூபித்துக்கொண்டே அந்தச் செய்திக்காகக் காத்திருப்பதுதான் இந்த உத்தியோகத்தின் லட்சணம்.

மேஜர் லீக்கில் 30 அணிகள் உண்டு. ஒவ்வோர் அணியின் கீழும் சிறு நகரங்களில் இயங்கும் கிளை அணிகள் இருக்கின்றன. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்று அவை படிப்படியாக உயர்கின்றன. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதும், பயிற்சியாளரை நியமிப்பதும், இன்னாரை மேலே ஏற்று, இன்னாரைக் கீழே இறக்கு என்று கட்டளையிடுவதும் தாய் அணி. டிக்கெட்டும் தின்பண்டமும் விற்று மைதானத்தை நடத்துவது உள்ளூர் முதலாளி. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகியாக இருந்த பிராஞ்ச் ரிக்கி என்ற சூட்சும புத்திக்காரர், பணக்கார அணிகளோடு போட்டியிட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாததால், சிறு நகரத்து அணிகளையே வாங்கி இளைஞர்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம் என்று கண்ட யோசனை, பின்னர் எல்லா அணிகளுக்கும் வழக்கமாயிற்று. 1949-ஆம் ஆண்டில் இத்தகைய சிறு லீக்குகள் 59 இருந்தன. அதன் பின் தொலைக்காட்சி வந்தது. வீட்டிலிருந்தபடியே பெரிய அணிகளைப் பார்க்க முடிந்த ஜனங்கள் ஊர் மைதானத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். 2021-ஆம் ஆண்டில், அதுவரை 160 ஆக இருந்த கிளை அணிகளை மேஜர் லீக் நிர்வாகம் ஒரே அடியாக 120 ஆகச் சுருக்கிவிட்டது.

கிரிக்கெட்டோடு பழகிய நம் வாசகர்கள் இதை ரஞ்சிக் கோப்பைக்கு ஒப்பாக எண்ணிக்கொள்ளக்கூடும். அது முழுவதும் பொருந்தாது. ரஞ்சி ஆட்டக்காரர் இந்திய அணியில் இடம் பெறாவிட்டாலும் அவருடைய மாநில அணி அவருடையதாகவே இருக்கிறது. அது கோப்பையை வெல்வது தனக்காகவே வெல்வது. மைனர் லீக்கிலோ, அணி சாம்பியன் பட்டத்தை எட்டிப்பிடிக்கும் தறுவாயில் இருக்கும்போதுகூட, அதன் சிறந்த பந்துவீச்சாளரைத் தாய் அணி ஒரு தொலைபேசி அழைப்பில் அழைத்துக்கொண்டுவிடலாம். உள்ளூர் முதலாளியோ, அந்த ஊர் ரசிகர்களோ அதற்கு ஆட்சேபம் சொல்ல முடியாது. இன்னொரு விசேஷமும் உண்டு. ஒவ்வொரு கிளை அணியிலும் இருக்கும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட இளைஞர்களுள் தாய் அணி மெய்யாகவே நம்பிக்கை வைத்திருப்பது சிலரிடத்தில்தான். ஆயினும் அந்தச் சிலர் ஆடிப் பழகவேண்டுமானால் மைதானத்தில் ஒன்பது பேர் நிற்கவேண்டும். பந்தை எறிந்தால் பிடிக்க ஒருவர் வேண்டும். ஆகவே எஞ்சியவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, பெரும்பாலும், அந்தச் சிலருக்குத் துணையாக நிற்பதற்காகத்தான். இந்த உண்மையை எந்த நிர்வாகியும் ஆட்டக்காரர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை; மூன்றாவது பருவம் முடிவதற்குள் அவராகவே தெரிந்துகொண்டுவிடுகிறார்.

ஹெஸ்மன் ஆடிய ஸ்தானத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பேஸ்பால் களத்தில், பக்கத்துக்கு 90 அடி நீளமுள்ள ஒரு சதுரம் இருக்கிறது; அதன் மூலைகளே 'பேஸ்' எனப்படுபவை. பேட்டர் நிற்கும் மூலை நீங்கலாக மற்ற மூலைகளையும் அவற்றின் இடைவெளியையும் காப்பவர்கள் நால்வர்: முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப் என்ற ஒருவர். இவர்களைத்தான் இன்ஃபீல்டர் என்கிறார்கள். மணிக்கு 100 மைல் வேகத்தில் மட்டையிலிருந்து புறப்படும் பந்து, 90 அடி தொலைவில் நிற்கும் மூன்றாம் பேஸ்காரரை ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு நேரத்தில் அடைந்துவிடுகிறது. அதை இடக்கை உறையில் வாங்கி, வலக்கைக்கு மாற்றி, சதுரத்தின் குறுக்கே ஏறக்குறைய 127 அடி தூரம் எறிந்து, நான்கு விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் பேட்டர் முதல் பேஸை ஓடிச் சேர்வதற்குமுன் அங்கே நிற்பவர் கையில் பந்தை ஒப்படைக்கவேண்டும். இந்த வேலையை ஒரு முறை செய்பவரைக் கண்டு வியக்கிறோம். நூறு முறை வந்தால் தொண்ணூற்றைந்து முறையாவது பிசகாமல் செய்பவருக்குத்தான் அங்கே உத்தியோகம்.

இன்ஃபீல்டர்களுக்குள்ளும் ஜாதிகள் உண்டு. ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸும் சுறுசுறுப்பானவர்களின் ஸ்தானங்கள். அவர்கள் அபாரமாகத் தடுத்தால், மட்டை சுமாராக இருந்தாலும் மன்னிப்பு உண்டு. மூலைகளாகிய முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் பலமாக அடிக்க வேண்டியவர்கள். ஹெஸ்மன் இந்த மூலைக்காரர்களைச் சேர்ந்தவர். மூலைக்காரருக்குள்ள சங்கடம் என்னவென்றால், மேஜர் லீக் அணிகள் மிகப் பெரிய சம்பளம் கொடுத்து நெடுங்காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நட்சத்திரங்கள் பலர் நிற்பதும் அதே மூலைகளில்தான்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹெஸ்மனை, அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 1996-ஆம் ஆண்டுத் தேர்வில், பதினைந்தாவது சுற்றில் எடுத்துக்கொண்டது அட்லாண்டா பிரேவ்ஸ். பதினைந்தாவது சுற்று என்பது இழிவுமில்லை, பெருமைப்படத்தக்கதுமில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு வரும் இடம் அது. ஜார்ஜியாவில் மேக்கன், தென் கரோலினாவில் மிர்ட்டில் பீச், பிறகு கிரீன்வில், பிறகு விர்ஜினியாவில் ரிச்மண்ட் என்று அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். அந்தக் காலத்தில் பிரேவ்ஸ் அணியின் மூன்றாம் பேஸ் சிப்பர் ஜோன்ஸ் என்பவருக்கு உரியது. 1990-ஆம் ஆண்டுத் தேர்வில் நாடு முழுவதற்கும் முதல்வராக எடுக்கப்பட்டு, 2012-இல் ஓய்வு பெறும்வரை வேறு அணி அறியாமல், பின்னர் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தையும் அடைந்த மகா ஆட்டக்காரர் அவர். நடுவே இரண்டு பருவங்கள் ஜோன்ஸ் வெளிக்களத்துக்குப் பெயர்ந்தபோதும், அந்த மூலையை நிரப்ப வின்னி காஸ்டில்யா என்ற பழம்பெரும் அனுபவசாலியை நிர்வாகம் வரவழைத்ததே அன்றி, ரிச்மண்டில் இருந்த இளைஞரை நோக்கித் திரும்பவில்லை. தேர்வாகி ஏழு ஆண்டுகள் கழித்து, 2003 ஆகஸ்டு 22-ஆம் தேதிதான் ஹெஸ்மன் முதன்முதலாக மேஜர் லீக் களத்தில் கால் வைத்தார். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஆண்டுக்கு இரண்டாக நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். அதற்குப் பிறகு அட்லாண்டாவில் அவருக்கு இடமில்லை.

2005-இல் அவர் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ட்ரிப்பிள் ஏ கிளையாகிய டொலீடோ மட் ஹென்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஒஹையோ மாநிலத்தில், டெட்ராய்ட்டிலிருந்து அறுபது மைல் தொலைவில் இருக்கும் தொழில் நகரம் டொலீடோ. ஒரு காலத்தில் மைதானத்தை அடுத்த சதுப்பு நிலத்தில் திரிந்த நீர்க்கோழிகளின் பெயரையே தன் அணிக்குச் சூட்டிக்கொண்ட ஊர். ஹெஸ்மன் வந்த 2005-லும் அடுத்த ஆண்டிலும் அந்த அணி இன்டர்நேஷனல் லீக்கின் கவர்னர் கோப்பையைத் தொடர்ந்து வென்றது. 2007-இல் அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். டெட்ராய்ட்டின் மூன்றாம் பேஸிலோ பிராண்டன் இஞ்ச் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், அவரையும் ஒதுக்கிவிட்டு, மிகேல் கப்ரேரா என்ற, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பேட்டர்களுள் ஒருவரை டைகர்ஸ் கொண்டுவந்தது. கப்ரேரா சில வாரங்கள் மூன்றாம் பேஸில் நின்று பார்த்துவிட்டு முதல் பேஸுக்குப் போனார். முதல் பேஸிலிருந்த கார்லோஸ் கியன் மூன்றுக்கு வந்தார். ஹெஸ்மனுக்குத் தெரிந்த இரண்டு மூலைகளும் இவ்வாறு ஒரே சமயத்தில் அடைபட்டன.

அந்த 2008-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் விசித்திரமானது. மேஜர் லீக் தன் நட்சத்திரங்களை அந்த ஆண்டு ஒலிம்பிக்ஸுக்கு விடுவிக்கவில்லை. ஆதலால் அமெரிக்கா பெய்ஜிங்குக்கு அனுப்பிய அணி பெரும்பாலும் மைனர் லீக் ஆட்டக்காரர்களால் ஆனது. அதில் இடம் பெற்ற ஹெஸ்மன் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். தேசத்தின் சார்பில் ஆடும் பாக்கியம் அவருக்குக் கிடைத்ததற்கு அவர் இரண்டாம் படியில் இருந்ததே காரணம். திரும்பி வந்தபின் செப்டம்பரில் டெட்ராய்ட்டுக்கு அழைக்கப்பட்டு, 12 ஆட்டங்களில் 5 ஹோம் ரன்கள் அடித்தார். அத்தகைய ஒரு மாதத்துக்குப் பிறகாவது அவருக்கு நிலையான இடம் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அடுத்த பருவம் முழுவதும் அவர் டொலீடோவில் ஆடினார்.

இங்கே நிர்வாகிகளின் பக்கத்தையும் சொல்வதுதான் தர்மம். ஹெஸ்மன் அடித்தால் பந்து வேலிக்கு வெளியே. அடிக்காத சமயங்களில் வெகு தடவை மட்டை காற்றைத்தான் வெட்டியது. மைனர் லீக்கிலேயே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை அவர் ஸ்ட்ரைக்-அவுட் ஆகியிருக்கிறார். மேஜர் லீக்கில் 223 முறை மட்டை பிடித்ததில் 42 முறைதான் பந்தைத் தக்கபடி அடித்து பேஸ் சேர்ந்தார், பேஸ்பால் கணக்கில் .188. இது மிகத் தாழ்ந்த விகிதம். ஆனால் அந்த 42-இல் 14 ஹோம் ரன்கள். ஏறக்குறைய 16 முறைக்கு ஒரு ஹோம் ரன் என்பது பெரிய நட்சத்திரங்களுக்கும் குறைவில்லாத வேகம். ஒரு வாரம் ஆடி மூன்று வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணும் கையும் எப்படிப் பழகும் என்று ஒரு கட்சியும், பழகாதவரை எப்படி நம்பி ஆடவிடுவது என்று மறு கட்சியும் வாதிக்கலாம். எனக்கு முதல் கட்சியில்தான் சாய்வு.

செய்தி ஒன்று வந்து ஆட்டக்காரரின் வாழ்க்கையை மாற்றுவதற்கு, இந்தத் தொழிலின் பழைய ஏடுகளில் ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. 1946 ஜூன் 24-ஆம் தேதி, வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் இந்தியன்ஸ் என்ற மைனர் லீக் அணி, பிரெமர்ட்டன் என்ற ஊரில் ஆடுவதற்காகப் பஸ்ஸில் புறப்பட்டது. அணியின் மூன்றாம் பேஸ்காரர் ஜாக் லோர்க்கி, இருபத்திரண்டு வயதினர். நார்மண்டியிலும் பல்ஜ் யுத்தத்திலும் போரிட்டு, தம் இருபுறமும் தோழர்கள் மாண்டதைக் கண்டு திரும்பியவர். போர் முடிந்து வீடு திரும்புகையில் ராணுவ விமானம் ஒன்றில் ஏறியவரைக் கடைசி நிமிஷத்தில் ஒரு மேலதிகாரிக்காக இறக்கிவிட்டார்கள். அந்த விமானம் விழுந்து நொறுங்கிற்று. இப்போது, எல்லென்ஸ்பர்க் என்ற ஊரில் சாப்பாட்டுக்காகப் பஸ் நின்றபோது, அணியின் நிர்வாகியிடமிருந்து அவருக்குச் செய்தி வந்தது: மேற்கு மாநிலங்களின் பெரிய லீக்கில் ஆடிய சான் டியேகோ பாட்ரஸ் அணி அவரை அழைக்கிறது, உடனே திரும்பவும் என்று. லோர்க்கி தோழர்களிடம் விடைபெற்று, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஸ்போக்கேனுக்குத் திரும்பினார். பஸ் மேற்கே போயிற்று. மழையில், ஸ்னோகுவால்மி கணவாயில், எதிரே வந்த ஒரு காருக்கு ஒதுங்கிய பஸ், பாதையை விட்டு விலகி மலைச் சரிவில் உருண்டு தீப்பற்றியது. ஆட்டக்காரராகவும் அணியின் மேலாளராகவும் இருந்த மெல் கோல் உட்பட ஒன்பது பேர் மாண்டார்கள்.

லோர்க்கி அடுத்த ஆண்டே நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு உயர்ந்து, ஏழு பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடினார். பத்திரிகைகள் அவருக்கு 'அதிர்ஷ்டசாலி லோர்க்கி' என்று பட்டம் சூட்டின. அவருக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. பேட்டி காண வந்தவர்களிடம் தம் பெயர் ஜாக் என்றே சொல்லி, 2009-இல் எண்பத்தைந்தாவது வயதில் காலமானார். எழுதுகிறவர்களுக்கு அந்த அடைமொழி எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதையும், அதைச் சுமந்தவருக்கு அது ஒவ்வொரு முறையும் எந்த ஒன்பது பேரை நினைவூட்டியிருக்கும் என்பதையும் யோசித்தால், அவர் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது.

ஹெஸ்மனுக்கு வந்த செய்திகள் இவ்வளவு உக்கிரமானவையல்ல. 2010-இல் நியூயார்க் மெட்ஸ் அழைத்தது. அங்கே ஒரே ஒரு ஹோம் ரன், அத்துடன் மேஜர் லீக் முடிந்தது. மறு ஆண்டு ஜப்பானில் ஒரிக்ஸ் பஃபலோஸ் அணிக்கு ஆடினார். பிறகு ஓக்லஹோமா சிட்டி, பிறகு லூயிவில், 2014-இல் மறுபடியும் டொலீடோ. பல ஆண்டு அனுபவமுள்ள மைனர் லீக் ஆட்டக்காரர்கள் பருவம் முடிந்ததும் விடுதலை பெற்று, எந்த அணியில் மூலைகள் பலவீனமாக இருக்கின்றன என்று ஆராய்ந்து, அங்கே ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தபின், மேலே அழைக்கப்படுவோம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் நிஜமாக மிஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அன்றாட ஆட்டத்தில் பிரியமில்லாவிட்டால், அந்த வயதில் எவரும் அந்தப் பஸ்களில் ஏறமாட்டார்.

2014-இல் இன்டர்நேஷனல் லீக்கில் ஆலி கார்னகி என்பவர் வைத்திருந்த 258 ஹோம் ரன் கணக்கைத் தாண்டினார். மைனர் லீக்குகள் முழுமைக்குமான சாதனையாக எஞ்சியிருந்தது பஸ் ஆர்லெட்டின் 432. ஆர்லெட், முதலில் பந்துவீச்சாளராக இருந்து பின்பு பேட்டரானவர். ஓக்லாந்தில் புகழ்பெற்று, 1931-ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவம் ஃபிலடெல்பியா ஃபில்லீஸ் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடி, .313 விகிதமும் 18 ஹோம் ரன்களும் எடுத்தும், பந்தைத் தடுப்பதில் சோம்பல் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மெக்சிகோ லீக்கையும் சேர்த்தால் 484 ஹோம் ரன் அடித்த ஹெக்டர் எஸ்பினோ இவர்கள் இருவருக்கும் மேலே நிற்கிறார். 1964-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் அணியில் சில வாரங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, மீண்டும் வரமாட்டேன் என்று சொந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர் அவர். மேஜர் லீக் அவரைப் புறக்கணித்தது என்று எவரும் சொல்ல முடியாது.

2015 ஆகஸ்டு 3-ஆம் தேதி, டொலீடோ மைதானத்தில், லீஹை வேலி அணிக்கு எதிராக, மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நின்றிருக்கையில் ஹெஸ்மன் தமது 433-ஆவது ஹோம் ரனை அடித்தார். பந்தை எறிந்தவர் டஸ்டின் மக்கவன். அவரும் மேஜர் லீக்கில் பல பருவங்கள் ஆடி, காயங்களால் அவதிப்பட்டவர். பத்திரிகைகள் ஹெஸ்மனை, மைனர் லீக்கைப் பற்றி 1988-இல் வந்த 'புல் டர்ஹம்' படத்தின் கதாநாயகனாகிய கிராஷ் டேவிஸோடு ஒப்பிட்டு எழுதின. அந்தப் படத்தை எழுதி இயக்கிய ரான் ஷெல்டனும், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கிளைகளில் ஐந்து ஆண்டுகள் ஆடிய ஓர் இன்ஃபீல்டர்தான். கதாநாயகனுக்கு வைத்த பெயர், பழைய புள்ளிவிவரப் புத்தகத்தில் அவர் கண்டெடுத்த மற்றோர் இன்ஃபீல்டருடையது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் எந்தத் தொழிலையும் விளக்க முடியாது. 2015-இல் மேஜர் லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 5,07,500 டாலர். மைனர் லீக்கிலோ, பின்னாளில் உயர்த்தப்பட்ட பிறகும்கூட, 2022-இல் ட்ரிப்பிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 17,500 டாலர். கீழ்ப்படிகளில் இதைவிடச் சொற்பம். ஹெஸ்மனைப் போன்ற அனுபவசாலிகள் பேரம் பேசி நல்ல தொகை பெறுவார்கள். மற்றவர்கள் ஆட்டமில்லாத மாதங்களில் கிடங்கு வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். மேஜர் லீக் பட்டியலில் 43 நாட்கள் இருந்தவருக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டு என்பதால், சில வார அழைப்புக்குக்கூட எவ்வளவு மதிப்பு என்பது தெளிவு. 2018-இல் அமெரிக்கக் காங்கிரஸ், மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு மேலதிக நேரக் கூலி தரவேண்டியதில்லை என்ற விதியை ஒரு மாபெரும் செலவு மசோதாவின் நடுவே செருகி நிறைவேற்றியது. அதற்கு 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்' என்று பெயரும் வைத்தது. ஆயினும், முன்னாள் ஆட்டக்காரர்கள் 2014-இல் தொடுத்திருந்த வழக்கில் 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கத்திலேயே சேர்ந்தார்கள். மறு ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் ட்ரிப்பிள் ஏ சம்பளம் 35,800 டாலராக இரட்டித்தது. அப்போது மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000.

ஹெஸ்மன் இந்த உயர்வுக்கு முன்பே மட்டையை வைத்துவிட்டார். 2015-ஆம் ஆண்டோடு ஆட்டத்திலிருந்து விலகி, டைகர்ஸ் அணியின் கிளைகளில் இளைஞர்களுக்கு பேட்டிங் கற்பிக்கும் பயிற்சியாளரானார். மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஊர் ஊராக மாறி, டொலீடோ வரை உயர்ந்தார். 2021-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவில், டெட்ராய்ட்டில் துணை பேட்டிங் பயிற்சியாளராக இருந்த ஹோசே க்ரூஸ் ஜூனியர், டெக்சாஸில் ரைஸ் பல்கலைக்கழக அணியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு டொலீடோவிலிருந்து ஹெஸ்மனை அழைத்தார்கள். அடுத்த பருவமும் அவர் அங்கேயே பணியாற்றினார்.